காகிதத்தை மிச்சப்படுத்த எந்த வழி நல்லது? அச்சிடும் முறைகளின் ஒப்பீடு

"புது பிரிண்டர் வாங்கப் போகிறேன். இரண்டு பக்கமும் தானாக அடிக்கும் மெஷினுக்குக் கூடுதலாகச் செலவழிக்கலாமா?" "ஒரு பக்கம் அச்சான தாள் கட்டுக்கட்டாகக் கிடக்கிறது, பின்பக்கத்தில் அடித்தால் என்ன?" "எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் போதாதா?" ட்யூஷன் சென்டர் நடத்துபவர்கள், ஆய்வேடு எழுதும் மாணவர்கள், ஆடிட்டர் அலுவலகங்களில் வேலை பார்ப்பவர்கள் என்று பலரும் கேட்கும் கேள்விகள் இவை. கேட்பவர்கள் எல்லோருக்கும் தாள் வீணாவது உறுத்துகிறது. எங்கே தொடங்குவது என்பதில்தான் குழப்பம்.

பெரும்பாலானவர்கள் முதலில் கையில் எடுப்பது ஒருபக்கத் தாளின் பின்புறத்தை. என் கணக்கில் அது கடைசியாக வரவேண்டியது. முதலில் வரவேண்டியது அச்சுக்குக் கொடுக்கும் முன் பக்க அமைப்பைச் சரிசெய்வது. அதற்குக் காசு ஆகாது, மெஷின் மாற்ற வேண்டாம், ஆனாலும் அதை யாரும் ஒரு வழியாகவே எண்ணுவதில்லை. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை ஒவ்வொரு வழியையும் எடைபோட்டுப் பார்க்கலாம்.

## எதை வைத்து அளப்பது?

எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டியது: இந்தத் தாள் எத்தனை நாள் வாழப்போகிறது? கூட்டத்தில் பத்து நிமிடம் பார்த்துவிட்டு வைக்கப்போகிற நிகழ்ச்சி நிரல், தேர்வு முடியும்வரை தினமும் புரட்டப்போகிற நோட்ஸ், பல வருடம் கோப்பில் இருக்கப்போகிற ஒப்பந்தம் என்று மூன்று வகை. இந்த மூன்றுக்கும் ஒரே வழியைச் சொல்வது சரிப்படாது.

அடுத்து, கெட்டுப்போகும் தாள்களைக் கழித்தபின் நிஜமாக எத்தனை தாள் மிச்சம் என்று பார்க்க வேண்டும். இருபது தாள் மிச்சப்படுத்தப் போய்ப் பதினைந்தைக் கெடுத்தால் என்ன பயன்?

வாசிக்க முடிகிறதா என்பது தமிழுக்குக் கூடுதல் கவலை. புள்ளி மங்கினால் 'க்' என்பது 'க' ஆகிவிடும். 'கி', 'கீ' இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு சின்னச் சுழி. 'ண', 'ன' வேறுபாடும் அப்படித்தான். ஆங்கிலத்துக்குப் போதுமான சிறிய எழுத்து தமிழுக்குப் போதாமல் போகலாம்.

பெற்றுக்கொள்பவர் ஏற்பாரா, நேரமும் சர்வீஸும் சேர்த்து மறைந்திருக்கும் செலவு எவ்வளவு, தாளில் இருக்கும் விவரம் கடைசியில் யார் கைக்குப் போகும் என்ற மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எடை தெரிந்தால் கணக்கு எளிது. ஏ4 தாள் ஒரு சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. அதனால் 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) தாள் ஒன்று 5 கிராம். 500 தாள் கொண்ட ஒரு ரீம் இரண்டரைக் கிலோ. இனி, 100 பக்க ஆவணம் ஒன்று கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம்: 12 புள்ளி (பாயின்ட்) எழுத்து, ஒன்றரை வரி இடைவெளி, சுற்றிலும் 2.54 செ.மீ. ஓரம்.

| முறை | ஆகும் புதுத் தாள் | எழுத்தின் அளவு | மறைந்திருக்கும் செலவு | பொருந்தும் இடம் |
|---|---|---|---|---|
| எதையும் மாற்றாமல் ஒருபக்க அச்சு | 100 | 12 | தாள், கோப்பு வைக்கும் இடம் | விதி அப்படிக் கேட்டால் மட்டும் |
| அமைப்பைச் சரிசெய்து ஒருபக்க அச்சு | ஏறத்தாழ 50 | 11 | சில நிமிட வேலை | பின்பக்கம் காலியாக இருந்தே ஆகவேண்டிய ஆவணம் |
| இருபக்க அச்சு மட்டும் | 50 | 12 | மெஷின் விலை அல்லது கைவேலை | அமைப்பை மாற்ற அனுமதி இல்லாதவை |
| அமைப்பைச் சரிசெய்து இருபக்க அச்சு | ஏறத்தாழ 25 | 11 | மேலே உள்ள இரண்டும் | நோட்ஸ், அறிக்கை, அலுவலகக் கோப்பு |
| ஒரு பக்கத்தில் இரண்டு பக்கம், இருபுறமும் | 25 | 8.5 | கண் | ஸ்லைடுகள், பார்த்துவிட்டு வைக்கும் தாள் |
| ஒருபக்கத் தாளின் பின்புறம் | 0 | 12 | மெஷின் கோளாறு, விவரக் கசிவு | கையால் எழுதும் வேலைகள் |
| திரையில் வாசிப்பது | 0 | விருப்பம்போல் | பாதுகாப்பு, பழக்கம் | சான்றிதழ், டிக்கெட், சுற்றறிக்கை |

நான்காவது, ஐந்தாவது வரிசைகளை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டிலும் தாள் ஒரே அளவுதான் ஆகிறது. ஒன்றில் எழுத்து 11 புள்ளி, மற்றதில் எட்டரை. அமைப்பைச் சரிசெய்வதை நான் முதலிடத்தில் வைப்பதற்கு இதுதான் காரணம்.

## அச்சுக்கு முன் பக்கத்தைச் சரிசெய்வது

வேர்டில் இயல்பாக வரும் 2.54 செ.மீ. ஓரத்தோடு ஏ4 தாளில் எழுத்துக்குக் கிடைக்கும் இடம் ஏறத்தாழ 392 சதுர செ.மீ. ஓரத்தை 1.27 ஆகக் குறைத்தால் அது 501 ஆகிறது. 28 சதவீதம் கூடுதல் இடம். 100 பக்கம் 78 ஆகிவிடும். எழுத்தை 12 புள்ளியிலிருந்து 11 ஆக்கினால் அகலத்திலும் உயரத்திலும் குறைவதால் இன்னொரு 16 சதவீதம் போகும். வரி இடைவெளியை 1.5 இலிருந்து 1.15 ஆக்கினால் மீதியில் கால்பங்குக்குச் சற்றுக் குறைவாகப் போகும். மூன்றும் சேர்ந்து 100 பக்கத்தை ஏறத்தாழ 50 ஆக்கிவிடுகின்றன. வாசிப்பவருக்கு உறுத்தும் அளவுக்கு எதையும் குறைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஸ்பைரல் பைண்டிங் போடுவதாகவோ, பஞ்ச் அடித்துக் கோப்பில் கோப்பதாகவோ இருந்தால் இடது ஓரம் 2 செ.மீ.க்குக் குறையக் கூடாது. மிச்சம் சற்றே குறையும், பரவாயில்லை.

தமிழ் எழுத்துருக்களில் புள்ளி எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். அதே 12 புள்ளியில் லதா அகலமாகப் பரவும், விஜயா சிறிதாகவும் நெருக்கமாகவும் நிற்கும். எழுத்துருவை மாற்றினாலே பக்க எண்ணிக்கை கணிசமாக மாறும். ஒரே ஒரு பக்கத்தை அடித்து, வாசிக்கப்போகிறவரிடமே காட்டிவிட்டு மீதியை அடிப்பது நல்லது. வயதானவர்களுக்கான தாள் என்றால் 11 வேண்டாம், 13 வையுங்கள். ஓரத்திலும் இடைவெளியிலும் மிச்சம் பிடித்துக்கொள்ளலாம்.

இந்த வழியில் இன்னொரு பெரிய லாபம், தவறான அச்சுகள் குறைவது. தாள் வீணாவதில் பெரும்பங்கு இப்படிப்பட்ட இடங்களில்தான். எக்செல் அட்டவணையில் கடைசி ஒரு பத்தி (column) மட்டும் தாளுக்குள் அடங்காமல் வழிந்து, பத்துப் பக்கம் வரவேண்டியது இருபதாக வந்து நிற்கும். அச்சுத் திரையில் 'எல்லாப் பத்திகளும் ஒரே பக்கத்தில்' என்ற தேர்வைப் போட்டால் தீர்ந்தது. தேவையான பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து அதையே அச்சுப் பரப்பாக வைத்தால் இன்னும் நல்லது. இணையப் பக்கங்களை அப்படியே அடித்தால் விளம்பரமும் பட்டியலும் சேர்ந்து வரும். உலாவியின் வாசிப்பு முறைக்கு மாற்றிவிட்டு அடிக்கலாம். வேர்டில் கடைசிப் பக்கத்தில் இரண்டே வரி தொங்கினால் ஓரத்தைக் கொஞ்சம் குறைத்து உள்ளே இழுத்துவிடலாம்.

ஜெராக்ஸ் கடைக்கு வேர்ட் கோப்பாகவே கொண்டுபோவது தமிழ் ஆவணங்களுக்குப் பெரிய ஆபத்து. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டியது என்றால், அந்த எழுத்துரு கடைக் கணினியில் இல்லாதபோது பக்கம் முழுக்க ஆங்கிலக் குறிகளாக வந்து விழும். யூனிகோட் கோப்புகூட வேறு எழுத்துருவுக்கு மாறிப் பக்கங்கள் நகர்ந்துவிடும். எழுத்துருவை உள்ளே பொதிந்த பிடிஎஃப் ஆக மாற்றிக் கொண்டுபோனால் வீட்டுத் திரையில் பார்த்ததே கடையிலும் வரும்.

இதற்கும் செலவு உண்டு. பக்க எண்கள் மாறுவதால் ஆய்வேட்டின் உள்ளடக்கப் பட்டியலைப் புதுப்பிக்க வேண்டும். பல்கலைக்கழகமோ நீதிமன்றமோ ஓரத்தையும் எழுத்தளவையும் வரையறுத்திருந்தால் இந்த வழியே அடைபட்டுவிடும். அப்போது இருபக்க அச்சுதான் கைகொடுக்கும்.

## இருபக்க அச்சு

கணக்குப்படி நேர்பாதி மிச்சம், எழுத்தில் எந்த மாற்றமும் இல்லை, கோப்பின் தடிமனும் பாதி. பல வருடம் வைத்திருக்க வேண்டிய தாளுக்கு இதுவே முதல் தேர்வு.

தானாகத் திருப்பும் மெஷினா, கையால் திருப்புவதா என்பதில்தான் தயக்கம். லேசர் பிரிண்டர்களின் மாடல் பெயரிலேயே பல நேரம் விடை இருக்கும்; எச்பி மாடல்களில் எண்ணுக்குப் பின்னால் 'டிடபிள்யூ', 'டிஎன்' என்று இருந்தால் அந்த 'டி' இருபக்க அச்சைக் குறிக்கிறது. இங்க் டேங்க் வகையில் விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் இந்த வசதி கிடையாது. உதாரணமாக எப்சன் எல்3250 இல் இல்லை, எல்4260 இல் உண்டு. மாதம் ஒரு ரீமுக்கு மேல் அடிப்பவராக இருந்தால் கூடுதல் விலை கொடுத்துத் தானியங்கி வசதியை வாங்கிவிடுங்கள் என்பேன். ரீம் 300 ரூபாய் என்று வைத்தால், மாதம் இரண்டு ரீம் அடிக்கும் இடத்தில் வருடத்துக்கு 3,600 ரூபாய்க்குத் தாள் மிச்சமாகும். இரண்டு மாடல்களின் விலை வித்தியாசத்தை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாதம் ஐம்பது தாள்கூட அடிக்காத வீட்டுக்கு அந்த வசதி கட்டாயமில்லை.

கையால் திருப்புவது என்றால் ஒற்றைப்படைப் பக்கங்களை முதலில் அடித்து, கட்டைத் திருப்பி வைத்து, இரட்டைப்படைப் பக்கங்களை அடிப்பது. கேட்க எளிது, தாள் அதிகம் கெடுவதும் இங்கேதான். இரண்டாம் சுற்றில் மெஷின் இரண்டு தாளைச் சேர்த்து இழுத்துவிட்டால் அதற்குப் பின்னால் வரும் ஒவ்வொரு தாளின் பின்பக்கமும் தப்பு. நூறு தாளை ஒரே மூச்சில் கொடுத்திருந்தால் அத்தனையும் போச்சு. அதனால் இருபது தாளுக்கு மேல் ஒரு கட்டாகக் கொடுக்க வேண்டாம். லேசரில் முதல் சுற்று முடிந்து வெளியே வரும் தாள் சூட்டில் லேசாகச் சுருண்டிருக்கும். கொஞ்சம் ஆறவிட்டு, விசிறிவிட்டு, மேசையில் தட்டிச் சமன்செய்து வைத்தால் இரட்டை இழுப்பு குறையும். புது மெஷின் என்றால் ஒரு தாளின் மேல்பக்கத்தில் பென்சிலால் அம்புக்குறி போட்டு ஒரு பக்கம் மட்டும் அடித்துப் பாருங்கள். அச்சு எந்தப் பக்கம் விழுகிறது, தலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். அதை ஒரு சீட்டில் எழுதி மெஷின்மேல் ஒட்டிவிட்டால் அடுத்தவர் தாளைக் கெடுக்க மாட்டார்.

தானியங்கி மெஷினிலும் ஒரு கண்ணி இருக்கிறது. நீளவாக்கு விளிம்பில் திருப்புவதா, குறுக்கு விளிம்பில் திருப்புவதா என்று கேட்கும். நிமிர்ந்த பக்கங்களுக்கு நீள விளிம்பு. அகலவாக்கில் படுத்த பக்கங்களை இடது ஓரத்தில் பின் போட்டுப் புத்தகம்போல் புரட்டுவதாக இருந்தால் குறுகிய விளிம்பு. மாற்றிப் போட்டால் பின்பக்கம் தலைகீழாக வரும். பல பிரதி எடுக்கும்போது ஒரு பிரதியைப் பார்த்துவிட்டு மீதியைக் கொடுங்கள்.

பெறுபவர் பக்கம் வருவோம். உச்ச நீதிமன்றமே 2020 ஏப்ரல் 1 முதல் தாக்கல்களுக்கு 75 ஜிஎஸ்எம்மிற்குக் குறையாத ஏ4 தாளில் இருபக்க அச்சைக் கொண்டுவந்தது. எழுத்து 14 புள்ளி, இடைவெளி ஒன்றரை, இடமும் வலமும் 4 செ.மீ. ஓரம் என்று வரையறுத்திருந்தது. வழக்குக் கட்டு என்றாலே நீளத் தாள், ஒரு பக்கம் மட்டும் என்றிருந்த பழக்கத்தை மாற்றிய முடிவு அது. நாட்டின் உச்ச நீதிமன்றம் ஏற்றதை, ஒரு சங்கத்தின் ஆண்டறிக்கைக்கோ கல்லூரியின் அசைன்மென்டுக்கோ ஏற்க முடியாது என்று சொல்வதில் நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் மற்ற நீதிமன்றங்களுக்கும் அலுவலகங்களுக்கும் அவரவர் விதி இருக்கலாம். கேட்டுவிட்டு அடிப்பதுதான் சிக்கனம். திருப்பி அனுப்பப்பட்ட விண்ணப்பத்துக்கு இரண்டு மடங்கு தாள் ஆகும்.

பலரும் யோசிக்காத ஒன்று: நாம் கொடுக்கும் இருபக்கத் தாளைப் பெறுபவர் ஒருபக்கம் மட்டும் படிக்கும் ஸ்கேனரில் போட்டால் பாதிப் பக்கங்கள் விடுபட்டுப் போகும். ஒவ்வொரு பக்கத்திலும் '3/8' என்பதுபோல் மொத்த எண்ணிக்கையோடு பக்க எண் போடுங்கள். முதல் பக்கத்தின் அடியில் 'பின்பக்கம் பார்க்க' என்றும் ஒரு வரி இருக்கட்டும்.

ஜெராக்ஸ் கடைகளில் உள்ள பெரிய நகல் மெஷின்களுக்கு இருபக்க அச்சு சாதாரண வேலை. ஆனால் நாமாகச் சொல்லாவிட்டால் பெரும்பாலும் ஒருபக்கமாகத்தான் வரும். பல கடைகளில் பக்கக் கணக்கில் காசு வாங்குவதால் இருபக்கமாக எடுத்தாலும் நமக்குப் பெரிதாகக் காசு குறையாது, தாள்தான் குறையும். அதற்காகவே "பேக் டு பேக் போடுங்கண்ணே" என்று பென் டிரைவைக் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

## ஒரு பக்கத்தில் இரண்டு, நான்கு பக்கம்

ஏ4 தாளின் நீளம் அகலத்தைப்போல் 1.414 மடங்கு. இந்த விகிதத்தின் சிறப்பு, தாளைக் குறுக்கே பாதியாக்கினாலும் பாதியின் விகிதம் மாறாது. அதனால்தான் இரண்டு பக்கங்களை 71 சதவீதமாகச் சுருக்கி ஒரே பக்கத்தில் அருகருகே வைக்கும்போது இடம் வீணாகாமல் பொருந்துகிறது. அச்சுத் திரையில் 'ஒரு தாளுக்கு எத்தனை பக்கம்' என்று இருக்கும் தேர்வு இதுதான். பிடிஎஃப் வாசிப்பானிலும் குரோமிலும் இருக்கிறது.

12 புள்ளி எழுத்து இரண்டு பக்கமாகப் போட்டால் எட்டரை ஆகும், நான்காகப் போட்டால் 6. எட்டரைப் புள்ளித் தமிழை இளவயதினர் வாசித்துவிடலாம். 6 புள்ளியில் புள்ளியும் சுழியும் கரைந்துவிடும். அதையே மறுபடி ஜெராக்ஸ் எடுத்தால் 'கொ' எது 'கோ' எது என்று தெரியாது. நான்கு பக்கமாகச் சுருக்கிய நோட்ஸ் நகலின் நகலாகக் கைமாறும்போது மாணவர்கள் படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன். தெளிவில்லாமல் போய் மறுபடி பெரிதாக எடுக்கும்போது முதல் பிரதிக்கான தாள் முழுக்க வீண்.

இந்த வழி பொருந்தும் இடம் ஸ்லைடுகள். அவற்றில் எழுத்து பெரும்பாலும் 24 புள்ளிக்குக் குறையாமல் இருக்கும், பாதியாகச் சுருக்கினாலும் 12. பக்கத்துக்கு நான்கு ஸ்லைடு தாராளமாக வைக்கலாம். கறுப்பு, நீலப் பின்னணியோடு அடித்தால் டோனர் (லேசர் பிரிண்டரின் மைத்தூள்) கொட்டும் என்பதால் கறுப்பு வெள்ளைத் தேர்வைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு நல்ல இடம் கையேடு. நான்கின் மடங்காகப் பக்கம் இருந்தால், இருபக்கமாக அடித்து நடுவில் மடித்து இரண்டு பின் போட்டால் ஏ5 அளவில் சின்னப் புத்தகம் கிடைத்துவிடும். கோயில் விழா நிகழ்ச்சி நிரல், பள்ளி ஆண்டுவிழா மலர், பாடல் தொகுப்பு போன்றவற்றுக்கு அழகாக இருக்கும். ஆவணத்தை முதலிலேயே ஏ5 அளவில் 11 புள்ளியில் அமைத்துவிட்டால் சுருக்கமே ஏற்படாது.

## ஒருபக்கத் தாளின் பின்புறம்

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மனதுக்கு மிகவும் நிறைவு தரும் வழி இது. கண்ணெதிரே கிடக்கும் தாள், புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். நோக்கத்தில் குறையே இல்லை. மெஷினுக்குள் கொடுக்கும்போதுதான் சிக்கல்.

ஏற்கெனவே லேசரில் அச்சான தாளின் டோனர், மறுபடி உருக்கும் பகுதிக்குள் போகும்போது இளகக்கூடும். அது உருளையில் ஒட்டினால் அடுத்தடுத்த தாள்களில் கறை விழும். எங்கோ மறந்துபோன ஒரு ஸ்டேப்ளர் பின் உள்ளே போனால் உருளையைக் கீறிவிடும். ஓரம் மடிந்த தாள், கோப்பில் இருந்து வளைந்த தாள், மழைக்காலத்தில் ஈரம் இழுத்த தாள் எல்லாம் சிக்கிக்கொள்ளும். ரீம் 300 ரூபாய் என்றால் ஒரு தாள் 60 காசு. சர்வீஸ்காரர் ஒருமுறை வந்துபோகும் கூலியைத் தாளாக மாற்றினால் எத்தனை நூறு தாள் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

அதைவிடப் பெரியது விவரக் கசிவு. அலுவலகத்தில் குவியும் ஒருபக்கத் தாளில் வாடிக்கையாளரின் வங்கிக் கணக்கு, பான் எண், ஆதார் நகல், மதிப்பெண் பட்டியல் எல்லாம் கலந்து கிடக்கும். அதன் பின்னால் ஒரு கடிதத்தை அடித்து யாருக்கோ கொடுக்கிறோம் என்றால், இன்னொருவரின் விவரத்தையும் சேர்த்துக் கொடுக்கிறோம். பழைய பேப்பர் கடைக்குப் போனாலும் கதை முடிவதில்லை. அந்தத் தாள் வடைக்கும் பஜ்ஜிக்கும் பொட்டலமாக மாறுவதை நம் ஊரில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அச்சு மை உணவில் சேர்வது கேடு என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016 இலேயே எச்சரித்தது. 2018 இன் பேக்கேஜிங் விதிகள் செய்தித்தாளில் உணவு மடிப்பதைத் தடுக்கின்றன. அடையாள விவரம் உள்ள தாள்களைத் தனியே எடுத்துக் கிழித்துவிட்டு மீதியைத்தான் எடைக்குப் போட வேண்டும். ஆதார் நகல் கேட்கும் இடங்களில், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுக்க முடிந்தால் இந்தக் கவலையே பாதி குறையும்.

அப்படியானால் ஒருபக்கத் தாளை என்னதான் செய்வது? பேனாவுக்குக் கொடுங்கள். பிள்ளைகள் கணக்குப் போட, தொலைபேசிக் குறிப்பெடுக்க, வரைவு எழுதிப் பார்க்க இதைவிட நல்ல தாள் இல்லை. ஐம்பது ஐம்பதாகச் சேர்த்து ஜெராக்ஸ் கடையில் மேலே கோந்து போட்டு நோட்பேடு ஆக்கித் தரச் சொல்லலாம். மெஷினில் போட்டே ஆகவேண்டும் என்றால் உள்சுற்று வரைவுகளுக்கு மட்டும் வையுங்கள், ஒவ்வொரு தாளாகக் கொடுக்கும் தட்டில் வையுங்கள், பழைய பக்கத்தில் பேனாவால் ஒரு குறுக்குக் கோடு போடுங்கள். எது புதிய பக்கம் என்ற குழப்பத்தில் தப்பான கணக்கு போய்ச் சேர்வதை அந்தக் கோடு தடுக்கும்.

## தாளே இல்லாமல், திரையில்

எடையில் இதை எதுவும் வெல்ல முடியாது. சட்டமும் இடம் கொடுத்திருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 மின் ஆவணங்களை ஏற்கிறது. 2015 இல் வந்த, அரசின் மின் ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் அந்தந்தத் துறையே வழங்கிய ஆவணம் அசலுக்குச் சமம் என்று 2017 இல் விதி சேர்க்கப்பட்டது. ஓட்டுநர் உரிமத்தையும் வண்டிப் பதிவுச் சான்றையும் டிஜிலாக்கரிலோ எம்பரிவாஹன் செயலியிலோ காட்டலாம். இணையத்தில் எடுத்த ரயில் டிக்கெட்டுக்கு அடையாள அட்டையோடு குறுஞ்செய்தி போதும். தமிழ்நாடு சட்டமன்றத்திலும் 2021 ஆகஸ்ட் 13 அன்று முதன்முறையாகக் காகிதமில்லா பட்ஜெட் வந்தது, உறுப்பினர்கள் திரையில் பார்த்தார்கள்.

மறைந்திருக்கும் செலவுகள் இப்படி. நாம் பிடிஎஃப் அனுப்ப, பெறுபவர் அதை ஒருபக்கமாக அடித்துக்கொண்டால் தாள் மிச்சமாகவே இல்லை, இடம்தான் மாறியது. அனுப்பும்போதே 'அச்சிட வேண்டியதில்லை, இந்த மின்னஞ்சலே போதும்' என்று தெளிவாக எழுதுவது உதவும். அப்புறம், மின் கையொப்பம் கோப்பில்தான் இருக்கிறது. அந்த பிடிஎஃபை அடித்தால் தாளில் வருவது கையொப்பத்தின் படம் மட்டும், அதை வைத்துச் சரிபார்க்க முடியாது. அதனால் கையொப்பமிட்ட கோப்பையே பத்திரமாக இரண்டு இடத்தில் வைத்திருக்க வேண்டும். போன் தொலைந்தால் ஆவணமும் தொலையக் கூடாது. உயில்போல மின் வடிவத்தைத் தகவல் தொழில்நுட்பச் சட்டமே ஏற்காத ஆவணங்களும் உண்டு, அவற்றுக்குத் தாள்தான்.

படிப்புக்கு என்றால் நான் திரையை முழுமையாகப் பரிந்துரைக்க மாட்டேன். ஆறு அங்குலப் போனில் நூறு பக்கத் தமிழ் நோட்ஸை வாசிப்பது பிள்ளைகளுக்குப் பெரிய சிரமம். கோடு போட்டு, ஓரத்தில் எழுதிப் படிக்க வேண்டியதை இருபக்கமாக அடித்துக் கொடுப்பது வீண் ஆகாது. ஒருமுறை பார்த்துவிட்டு விடும் சுற்றறிக்கை, விடுமுறை அறிவிப்பு, கட்டண விவரம் இவற்றைத்தான் திரைக்கு அனுப்ப வேண்டும்.

## மெல்லிய தாள், 'மரமில்லா' தாள்

80 க்குப் பதில் 70 ஜிஎஸ்எம் வாங்கினால் எண்ணிக்கை மாறாமல் எடையில் எட்டில் ஒரு பங்கு குறையும். ஆனால் இங்க்ஜெட்டில் பின்பக்க எழுத்து முன்னே தெரியும், அதனால் இருபக்க அச்சைக் கைவிட நேர்ந்தால் மொத்தத்தில் நஷ்டம். கறுப்பு வெள்ளை லேசரில் 70, இங்க்ஜெட்டில் இருபக்கம் என்றால் 75 அல்லது 80 என்று வைத்துக்கொள்ளலாம்.

கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தின் (டிஎன்பிஎல்) ஆலை 1980 களிலிருந்து கரும்புச் சக்கையைக் கொண்டு காகிதம் செய்கிறது. வாங்குவதாக இருந்தால் அப்படிப்பட்ட தாளை வாங்குவது எனக்கும் விருப்பம். ஆனால் சக்கையில் செய்த தாளுக்கும் தண்ணீரும் மின்சாரமும் ரசாயனமும் செலவாகின்றன. நல்ல தாள் வாங்கிவிட்டோம் என்று கூடுதலாக அடிக்கத் தொடங்கினால் பலன் இல்லை.

## யாருக்கு எது?

ஆய்வேடு எழுதும் மாணவர்: நெறியாளருக்குத் திருத்தக் கொடுக்கும் வரைவுகளில்தான் தாள் அதிகம் போகிறது. முடிந்தவரை பிடிஎஃபில் குறிப்பெழுதி வாங்குங்கள். அவர் தாளில்தான் திருத்துவார் என்றால் 1.15 இடைவெளியில் இருபக்கமாக, மாற்றம் செய்த அத்தியாயத்தை மட்டும் கொடுங்கள். இறுதிப் பிரதிக்குப் பல்கலைக்கழக விதிதான். இருபக்கம் அனுமதி உண்டா என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

ட்யூஷன் சென்டர்: அமைப்பைச் சரிசெய்வதோடு, தானியங்கி இருபக்க லேசர். வினாத்தாளை ஏ5 அளவில் அமைத்து ஒரு ஏ4 தாளில் இரண்டு பேருக்கு அடித்து நடுவில் வெட்டிக் கொடுக்கலாம். நாற்பது பிரதிக்கு முன் ஒரு பிரதியை எடுத்துப் பிழை பார்ப்பது எந்த மெஷின் வசதியையும்விட அதிகத் தாளைக் காப்பாற்றும்.

பலர் ஒரே பிரிண்டரைப் பயன்படுத்தும் அலுவலகம்: இங்கே வீணாவது பெரும்பாலும் அடித்துவிட்டு யாரும் எடுக்காத தாள். ரகசிய எண் (PIN) தட்டினால்தான் வெளியே வரும் பாதுகாப்பு அச்சு வசதி பல அலுவலக மெஷின்களின் டிரைவரிலேயே இருக்கும். புதிதாக வாங்காமல் அதை இயக்கிப் பாருங்கள். எல்லாக் கணினியிலும் இருபக்க அச்சையே இயல்பாக வைத்துவிடுங்கள். ஒருபக்கம் வேண்டியவர் மாற்றிக்கொள்ளட்டும்.

வழக்கறிஞர், ஆடிட்டர் அலுவலகம்: வெளியே போகும் பிரதி விதிப்படி, உள்ளே வைக்கும் பிரதி பிடிஎஃபில். வாடிக்கையாளர் விவரம் உள்ள ஒருபக்கத் தாள் எந்த மெஷினுக்குள்ளும் திரும்பப் போகக் கூடாது.

வீடு: புது பிரிண்டர் தேவையா என்பதையே முதலில் பாருங்கள். மாதம் பத்துத் தாள் அடிப்பதற்கு இங்க்ஜெட் வாங்கினால், நாளாக நாளாக மை காய்ந்து தலைப்பகுதி அடைக்கும், அதைச் சுத்தம் செய்யும்போதெல்லாம் சோதனை அச்சுக்கே தாள் போகும். தெருமுனை ஜெராக்ஸ் கடைக்கு பிடிஎஃப் கொண்டுபோய் இருபக்கமாக எடுத்துக்கொள்வது மலிவு. எடுத்து முடித்ததும் கடைக் கணினியிலிருந்து உங்கள் கோப்பை அழிக்கச் சொல்லுங்கள். கடை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் அங்கேயும்.